கட்டிய அறையும் கண்டெடுத்த நிலமும்: மாணவர் குற்றப்படங்களில் அரங்கமைப்புத் திட்டம் – தரமணி முதல் பள்ளிக்கரணை வரை

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த் திரைப்பட வரலாற்றில் குற்றப்படம் என்னும் வகைமை பெரும்பாலும் கதை, நடிப்பு, ஒளிப்பதிவு ஆகியவற்றின் வழியே ஆராயப்பட்டுள்ளது. குற்றம் நிகழும் இடம் எவ்வாறு திட்டமிடப்பட்டது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. தரமணித் திரைப்படக் கல்லூரியின் பயிற்சி மரபில் கலை இயக்கம் தனிப்பாடமாக இடம்பெறாமை, மாணவர் குற்றப்படங்களை இடத்தைக் கட்டும் வழியிலிருந்து இடத்தைத் தேடும் வழிக்குத் திருப்பியது என இக்கட்டுரை வாதிடுகிறது. அந்தத் தேடல் இன்று சென்றடையும் நிலங்களுள் ஒன்றான பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை முன்வைத்து, மாணவர் அரங்கமைப்புத் திட்டம் எவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அரங்கமைப்பு, கலை இயக்கம், குற்றப்படம், திரைப்படக் கல்லூரி, ஊமை விழிகள், பள்ளிக்கரணை, பார்வை மகஜர்

முன்னுரை

தரமணிக்கும் பள்ளிக்கரணைக்கும் இடையே உள்ள தொலைவு சில கிலோமீட்டர்களே. ஒருபுறம், இன்று எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் எனப் பெயர் தாங்கி நிற்கும் பழைய ‘அடையாறு திரைப்படக் கல்லூரி’. மறுபுறம், வேளச்சேரி – தாம்பரம் சாலையின் ஓரமாக நாணலும் நீருமாக விரியும் சதுப்பு நிலம். தென்சென்னைப் புறநகரில் காட்சித் தொடர்பியல் பயிலும் மாணவர் குற்றக் குறும்படம் ஒன்றை எடுக்க முனைந்தால், பிணம் கிடக்கும் இடமாக அவருடைய மனத்தில் முதலில் தோன்றுவது பெரும்பாலும் இந்தச் சதுப்பு நிலமே. அவ்வாறு தோன்றுவதற்கு ஒரு வரலாறு உண்டு. அதனைத் தேடிச் செல்வதே இக்கட்டுரையின் பணி.

இங்கு ‘மாணவர் படம்’ என்பது இரு பொருளில் ஆளப்படுகிறது. பயிலும் காலத்தில் தேர்வுக்காகவோ போட்டிக்காகவோ எடுக்கப்படும் குறும்படம் ஒன்று. திரைப்படக் கல்லூரியில் பயின்றோர் ஒரு குழுவாக வெளிவந்து அந்த அடையாளத்துடன் எடுத்த முழுநீளப் படம் மற்றொன்று. இரண்டாவதற்குத் தமிழில் தலையாய சான்று ‘ஊமை விழிகள்’ (1986).

கட்டிய அறை: அந்த நாள்

தமிழ்த் திரையின் அரங்கமைப்பு நாடக மேடையின் திரைச்சீலையிலிருந்து பிறந்தது. நாடகக் குழுக்கள் ‘சீன்’ என வழங்கிய வரைதிரைகளே அரண்மனையாகவும் காடாகவும் தெருவாகவும் நின்றன. ஸ்டூடியோக்கள் எழுந்தபின் அந்தத் தட்டைத் திரை, மரமும் சாந்தும் கொண்ட முப்பரிமாணக் கட்டுமானமாக வளர்ந்தது. ஜெமினியின் ‘சந்திரலேகா’வுக்கு (1948) ஏ. கே. சேகர் அமைத்த முரசு அரங்கு அந்த வளர்ச்சியின் உச்சம் எனக் கொள்ளப்படுகிறது. ஆனால், பெருமிதம் காட்டுவதற்கான அரங்கு வேறு. ஐயத்தை எழுப்புவதற்கான அரங்கு வேறு.

பின்னதன் இலக்கணத்தைத் தமிழில் முதலில் தெளிவாகக் காட்டியது ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954). பாடலும் ஆடலும் இல்லாத படம் என்பதே அதன் புகழாக நிலைத்துவிட்டது. அரங்கமைப்பு நோக்கில் அதனைவிட முதன்மையான கூறு ஒன்று உண்டு. 1943 அக்டோபரில் சென்னை குண்டுவீச்சுக்கு உள்ளான நாளை ஒட்டி, வானொலிப் பொறியாளர் ஒருவர் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஐயத்துக்குரியோர் ஒவ்வொருவரையும் பற்றி ஒரு கதை விரிகிறது. கதை மாறுகிறது, மாந்தரின் தன்மையும் மாறுகிறது. அறை மட்டும் மாறக்கூடாது. கதவு எப்பக்கம் திறக்கும், சன்னலிலிருந்து எது தெரியும், மாடிப்படியிலிருந்து கூடத்திற்கு எத்தனை அடி என்பன எல்லாக் கதைகளிலும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். பார்வையாளர் ஒரு கூற்றை மறுகூற்றோடு ஒப்பிட்டுப் பொய்யைக் கண்டுபிடிப்பதற்கு அந்த அறையே அளவுகோல். எனவே குற்றப்படத்தில் அரங்கு என்பது பின்னணி அன்று, சாட்சி எனலாம்.

இவ்வகைச் சாட்சியை உருவாக்கக் கட்டுப்பாடு வேண்டும். கழற்றத்தக்க சுவர், ஒளிப்பதிவுக் கருவி பின்வாங்க இடம், மேலிருந்து விளக்கு தொங்கவிட வசதி ஆகிய அனைத்தும் ஸ்டூடியோத் தளத்தில் மட்டுமே எளிதில் கிட்டுவன.

பாடத்திட்டத்தில் ஒரு வெற்றிடம்

தரமணிக் கல்லூரியின் வேர் 1940களில் சென்னைப் பலவகைத் தொழில்நுட்பக் கல்லூரியில் தொடங்கப்பட்ட ஒளிப்பதிவு, ஒலிப்பொறியியல் பிரிவுகளில் உள்ளது. இந்தப் பிறப்பிடம் கவனிக்கத்தக்கது. கருவியைக் கையாளும் தொழில்நுட்பராகவே மாணவர் கருதப்பட்டார். பின்னாளில் இயக்கமும் திரைக்கதையும், படத்தொகுப்பு, படச்செயலாக்கம் எனப் பாடங்கள் விரிந்தன. அண்மைக்காலத்தில் அசைவூட்டமும் காட்சி விளைவுகளும் சேர்ந்தன. கலை இயக்கம் மட்டும் தனித்துறையாக வரவில்லை. புனேயிலுள்ள இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் கலை இயக்கத்திற்கெனத் தனிப் படிப்பு உள்ளமையோடு இதனை ஒப்பிடலாம்.

அரங்கமைப்புக் கலைஞர்கள் வேறொரு வாசல் வழியே திரைக்கு வந்தனர். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப்பள்ளியின் தொடர்ச்சியான சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியே அந்த வாசல். பி. கிருஷ்ணமூர்த்தி, தோட்டா தரணி, சாபு சிரில் ஆகியோர் அங்குப் பயின்றவர்கள். ஆக, ஒரே நகரில் கருவி ஒரு கல்லூரியிலும் தூரிகை மற்றொரு கல்லூரியிலும் வளர்ந்தன. இரண்டும் சந்தித்த இடம் கோடம்பாக்கத்தின் ஸ்டூடியோத் தளங்கள். மாணவப் பருவத்தில் அச்சந்திப்புக்கு வாய்ப்புக் குறைவு. தரமணி மாணவர் தம் பயிற்சிப் படத்தை எடுக்கும்போது அருகில் ஒளிப்பதிவாளர் இருப்பார், ஒலிப்பதிவாளர் இருப்பார், சுவரை எங்கே நிறுத்துவது எனச் சொல்வதற்குப் பயின்ற ஒருவர் இருக்கமாட்டார்.

மாணவர் படங்களில் அரங்கு எளிமையாக இருப்பதற்குப் பணமின்மையே காரணம் எனக் கூறிக் கடந்துவிடுவது வழக்கம். பணமின்மை உண்மைதான். எனினும் பணமின்மை, எதைச் செய்ய இயலாது என்பதை மட்டுமே விளக்கும். அதற்கு ஈடாக எதைச் செய்தார்கள் என்பதைப் பாடத்திட்டத்தின் இந்த வெற்றிடமே விளக்குகிறது. ஒளிப்பதிவில் தேர்ந்தவர்கள் இடத்தைக் கட்ட முயலவில்லை. ஒளியும் வெளியும் ஏற்கெனவே அமைந்த இடங்களைத் தேடிப் போனார்கள்.

கண்டெடுத்த நிலம்: ஊமை விழிகள்

ஆபாவாணன் எழுதித் தயாரித்து, ஆர். அரவிந்தராஜ் இயக்கி, ஏ. ரமேஷ்குமார் ஒளிப்பதிவு செய்த ‘ஊமை விழிகள்’ 1986 ஆகஸ்டில் வெளிவந்தது. மாணவப் பருவத்தில் எடுக்கப்பட்ட ‘மர்டர் எக்கோ’ என்னும் குறும்படமே அதன் வித்து. விஜயகாந்த், ஜெய்சங்கர், ரவிச்சந்திரன், சரிதா, ஸ்ரீவித்யா எனப் பெரிய நடிகர் வரிசை இருந்தபோதும் ‘திரைப்படக் கல்லூரி மாணவர்கள் எடுத்த படம்’ என்றே அது பேசப்பட்டது.

நகருக்கு வெளியே ஒரு பொழுதுபோக்கு விடுதி, அதனை நோக்கிச் செல்லும் ஆளரவமற்ற சாலை, ஒரு குதிரைவண்டி, வழியில் ஒரு கிழவி. படத்தின் அச்சம் பெரும்பாலும் இவற்றாலேயே கட்டப்பட்டுள்ளது. இவற்றுள் எதற்கும் சுவர் தேவையில்லை என்பது நோக்கத்தக்கது. இதற்கு எதிர்முனையாகப் படத்தில் வரும் நாளிதழ் அலுவலகம் சுவர்களும் மேசைகளும் தாள்களும் மனிதர்களும் நெருங்கிய அடைப்பிடம். திறந்தவெளியில் குற்றம், அடைத்த அறையில் ஆராய்ச்சி என்னும் இந்தப் பகுப்பு ‘அந்த நாள்’ காட்டிய முறையைத் தலைகீழாக்குகிறது.

படம் சினிமாஸ்கோப்பில் எடுக்கப்பட்டமை இந்தத் தேர்வோடு பிணைந்தது. அதனை ஒரு கணக்கால் காட்டலாம். 35 மி.மீ. படச்சுருளில் காட்சிச் சட்டத்தின் அகலம் ஏறத்தாழ 22 மி.மீ. 50 மி.மீ. வில்லையைப் பொருத்தி 10 அடி தொலைவில் உள்ள சுவரைப் பார்த்தால், வழக்கமான சட்டத்தில் ஏறக்குறைய 4.4 அடிச் சுவர் தெரியும். அதே நிலையில் ஸ்கோப் வில்லை காட்சியைப் பக்கவாட்டில் இருமடங்காக்கி 8.8 அடியை உள்வாங்கும். அதாவது, அறைக்குள் எடுக்கும் ஒவ்வொரு காட்சிக்கும் இருமடங்கு சுவரைக் கட்டி, வண்ணம் பூசி, பொருளிட்டு நிரப்ப வேண்டும். கைச்சுருக்கமான குழுவிற்கு இது சுமை. திறந்தவெளியிலோ அந்த அகலத்தை வானமும் சாலையும் நிரப்பிவிடும். ஸ்கோப்பை ஆடம்பரம் எனக் கருதுவது இயல்பு. நிலத்தை அரங்காகக் கொண்ட குழுவிற்கு அதுவே சிக்கனமாக அமைந்தது என்பது என் கருத்து.

அடுத்த ஆண்டே இதற்கு மறுமொழி போல ‘நாயகன்’ (1987) வந்தது. மும்பைத் தாராவியைத் தோட்டா தரணி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் கட்டினார். ஒளிப்பதிவு செய்த பி. சி. ஸ்ரீராம் தரமணியில் பயின்றவர். கலை இயக்கம், ஒளிப்பதிவு இரண்டிற்கும் தேசிய விருது கிடைத்தது. இரு கல்லூரிகளின் பயிற்சியும் ஒரே தளத்தில் கூடியபோது குற்ற உலகம் மீண்டும் கட்டத்தக்கதாயிற்று. ஆனால், அது மாணவர்களால் எட்டக்கூடிய வழி அன்று. மாணவர் கையில் எஞ்சியது ‘ஊமை விழிகள்’ காட்டிய வழியே. பின்னர் எண்ணியல் கருவிகள் மலிந்து, கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ போன்ற நிகழ்ச்சிகள் குறும்படத்தை ஒரு நுழைவாயிலாக்கியபோது அவ்வழி பொதுவழியாயிற்று.

பள்ளிக்கரணை: வெற்றிடம் அன்று

1986இல் குற்றத்திற்கு ஏற்ற ஆளற்ற வெளியை நகருக்கு அப்பால் தேட வேண்டியிருந்தது. இன்று நகரமே அவ்வெளியைச் சூழ்ந்துவிட்டது. தரமணியில் டைடல் பூங்கா 2000இல் திறக்கப்பட்டது. வேளச்சேரி வரை பறக்கும் தொடர்வண்டி 2007இல் வந்தது. பள்ளிக்கரணை 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. அடுக்குமாடிகளுக்கும் பெருங்குடிக் குப்பைக்கிடங்கிற்கும் இடையே எஞ்சிய சதுப்பில் 317 ஹெக்டேர் 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தென்புறநகரின் ஏரிகளிலிருந்து வழியும் நீர் இங்குத் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கோவளத்தில் கடல் சேர்கிறது. திணை நோக்கில் கூறின் மருதமும் நெய்தலும் மயங்கும் நிலம் இது. (திணைக் கோட்பாட்டை எதற்கும் பொருத்திக் காட்டும் வழக்கம் நம்மிடையே மிகுதி; இங்கு நீரின் போக்கே அந்த மயக்கத்திற்குச் சான்றாதலால் கூற நேர்ந்தது.)

ஆயினும் மாணவர் குற்றப்படத்தின் கண்ணுக்கு இது ‘பாழ்நிலம்’. புகை, நாணல், தேங்கிய நீர், தொலைவில் மின்விளக்குகள் என ஒளிப்பதிவாளர் விரும்பும் அனைத்தும் இங்கு உண்டு. இந்தப் பார்வை திரைப்படத்தில் தோன்றியதன்று. காலனிய நிலவரி முறை, வரி விதிக்கப்படாத பொதுநிலத்தைப் ‘புறம்போக்கு’ எனப் பிரித்தது. வரிக்குப் புறம்பானது என்பதே அச்சொல்லின் பொருள். காலப்போக்கில் அது எவருக்கும் உரியதல்லாதது, பயனற்றது என்னும் பொருளை ஏற்று, இறுதியில் வசைச்சொல்லாகவே வழங்கலாயிற்று. கழுவெளியைப் பயனற்றதாகக் கண்ட பார்வையே அதன்மீது குப்பையைக் கொட்டவும் இடம் தந்தது. பிணத்தை அங்கே கிடத்தும் குறும்படமும் தன்னையறியாமல் அப்பதிவேட்டின் மொழியையே பேசுகிறது. அங்கு மீன் பிடிப்போர், மாடு மேய்ப்போர், கிடங்கில் குப்பை பிரித்துப் பிழைப்போர் ஆகியோர் சட்டத்திற்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர். அன்றேல் ஐயத்துக்குரிய முகங்களாக ஒரு நொடி தோன்றி மறைகின்றனர்.

கட்டிய அரங்கில் ஒவ்வொரு பொருளும் எவரோ ஒருவர் வைத்தது. அதற்கு அவர் பொறுப்பு. கண்டெடுத்த இடத்தில் பொருள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. எனவே எவரும் பொறுப்பேற்பதில்லை. இடத்தைத் தேடும் மரபின் உண்மையான குறைபாடு இதுவே. ஒளிப்பதிவாளர் இடத்தைத் தேர்ந்த கணத்திலேயே அரங்கமைப்பு முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. உண்மையில் அப்போதுதான் அது தொடங்க வேண்டும்.

திட்டம் என்னும் ஆவணம்

தொடங்குவது எங்கே? இதற்கு அயல்நாட்டுக் கையேடுகளுக்கு முன் நம் காவல் நிலையத்தையே பார்க்கலாம். கொலை நிகழ்ந்த இடத்திற்குச் செல்லும் புலனாய்வு அதிகாரி, சாட்சிகள் முன்னிலையில் ‘பார்வை மகஜர்’ எழுதுகிறார்; ‘மாதிரி வரைபடம்’ ஒன்றையும் வரைகிறார். வடக்கு எத்திசை, உடல் கிடந்த இடம், அருகிலுள்ள வீடு, மின்கம்பம், பாதை, இரவாயின் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பன அவற்றில் இடம்பெறும். பின்னர் நீதிமன்றத்தில் ஒரு சாட்சி ‘பார்த்தேன்’ என்றால், அங்கிருந்து பார்க்க இயலுமா என்பதை இந்த வரைபடத்தைக் கொண்டே குறுக்கு விசாரணை செய்வர். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் இடத்தைப் பார்வையிடுவதையும் அச்செயல் காணொளியாகப் பதியப்படுவதையும் வலியுறுத்துகிறது.

‘அந்த நாள்’ அறையும் இந்த மாதிரி வரைபடமும் ஒரே பணியைச் செய்கின்றன என்பது இப்போது விளங்கும். அமெரிக்காவில் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ 1940களில் இவ்விரண்டையும் ஒன்றாக்கினார். அடிக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில், மரண நிகழ்விடங்களைப் பொம்மை வீடுகளாகச் செய்து, காவலர்களுக்குக் கவனிக்கும் பயிற்சி அளித்தார். நாட்காட்டியின் தேதி, அடுப்பின் மேலிருந்த பாத்திரம், சன்னல் திரையின் நிலை என ஒவ்வொன்றும் அவற்றில் பொருளுடையது. மாணவர் குற்றப்படத்திற்கு இதனினும் பொருத்தமான முன்மாதிரி இல்லை. அட்டையும் பசையும் போதும்.

பள்ளிக்கரணையைக் களமாகக் கொண்ட ஒரு குறும்படத்தை எடுத்துக்கொள்வோம். சதுப்பின் ஓரம் ஓர் உடல், வாடகை அறை ஒன்று, காவல் நிலையம் என மூன்று இடங்கள் கதைக்குப் போதும். வாடகை அறையை உண்மையான அறையிலேயே எடுப்பதே வழக்கம். 10 அடிக்கு 10 அடி அறையில் கருவியையும் ஆளையும் நிறுத்தியபின் பின்வாங்க ஆறேழு அடியே மிஞ்சும். அகலக்கோண வில்லைக்கு மாறினால் அறை பெரிதாகத் தோன்றி, வறுமையின் நெருக்கம் காணாமற்போகும். கல்லூரிக் கூடத்தின் ஒரு மூலையில் இரு சுவர்களை மட்டும் கட்டுவது பல நேரங்களில் சிறந்தது. சந்தையில் கிடைக்கும் ஒட்டுப்பலகை எட்டுக்கு நான்கு அடி. மூன்றை நிறுத்தினால் 12 அடிச் சுவர். உயரம் எட்டடியோடு நின்றுவிடுவதால், கருவியைத் தாழ்வாக வைத்தால் சுவரின் தலை தெரிந்துவிடும். ‘சிட்டிசன் கேன்’ (1941) குழுவினர் துணியாலேயே மேற்கூரை அமைத்த செய்தி இங்குப் பயன்படும்.

காவல் நிலையம் பற்றி ஒரு சொல். சிவப்பு நூலால் இணைக்கப்பட்ட ஒளிப்படங்கள் நிறைந்த பலகை மாணவர் குறும்படங்களில் தவறாமல் தொங்குகிறது. அயல்நாட்டுத் தொடர்களிலிருந்து அது நேரே இறங்கியிருக்கிறது. நம் நிலையத்தின் உயிர் எழுத்தரின் மேசையில் உள்ளது. பதிவேடுகள், கார்பன் தாள், மை அட்டை, கம்பியில் கோத்த தாள்கள், வழக்குச் சொத்தாகச் சீட்டுக் கட்டி மூலையில் கிடக்கும் ஒரு மிதிவண்டி ஆகியவை சில நூறு ரூபாயில் அமையும். பலகையைவிட ஆழமாகக் கதை சொல்லும்.

சதுப்பின் ஓரத்திற்குத்தான் திட்டம் மிகுதியும் தேவை. காப்புக்காட்டினுள் வனத்துறை அனுமதியின்றி நுழைய இயலாது. விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் அண்மையில் உள்ளமையால் ஆளில்லா வானூர்தியைப் பறக்கவிடுவதற்கும் முன்னதாகவே விதிகளைப் பார்த்து இசைவு பெற வேண்டும். வலசைப் பறவைகள் வந்திருக்கும் பனிக்காலத்தில் இரவு விளக்கும் புகையும் கேடு விளைக்கும். இவை நிருவாகச் செய்திகளாகத் தோன்றினும் அரங்கமைப்பின் உட்கூறுகளே. நாணற்கரை என்பது மூன்று பக்கத் தொட்டியில் நட்ட நாணலாலும் கருந்துணியாலும் கல்லூரி வளாகத்தில் கட்டத்தக்கது. குற்றக்காட்சி பெரும்பாலும் இரவில் நிகழ்வதால் தொலைவு இருளில் மறையும். உண்மை நிலத்தை அனுமதி பெற்றுப் பகலில், சாலையிலிருந்து ஓரிரு அகலக் காட்சிகளாக எடுத்தால் போதும். அந்த அகலக் காட்சியில் மாடும் மனிதரும் நடமாடுவதை மறைக்க வேண்டியதில்லை; உடல் எவர் கண்ணில் முதலில் பட்டிருக்கும், அவர் ஏன் காவல் நிலையத்திற்குச் செல்லத் தயங்கினார் என்னும் வினாக்கள் அங்கிருந்தே எழும். கதையும் அப்போது வேறு கதையாகும்.

கட்டிய அரங்கு படப்பிடிப்பு முடிந்ததும் பிரிக்கப்படும். பலகை அடுத்த படத்திற்குப் போகும். எஞ்சுவது வரைபடம் மட்டுமே. காட்சித் தொடர்பியல் துறைகள் குறும்படத்தோடு அதன் தரைப்படம், முகப்புப் படம், பொருட்பட்டியல், இடத்தின் ஒளிப்படம், நாளும் நேரமும் குறித்த தாள் ஆகியவற்றையும் மதிப்பீட்டிற்கு ஏற்று நூலகத்தில் சேர்க்கலாம். பள்ளிக்கரணையில் எடுக்கப்படும் படத்தின் தாளில் நீர் எந்த மின்கம்பம் வரை நின்றது, குப்பைமேடு எவ்வளவு உயரம் தெரிந்தது என்பவையும் பதிவாகும். படத்திற்கு மதிப்பெண் இட்டு முடித்தபின்னும், சதுப்பின் எல்லை எங்கிருந்தது எனக் கேட்டு வரும் வேறொரு துறையின் ஆய்வாளர் அந்தத் தாளைத் தேடக்கூடும்.